‘பசுவின் தலை’ என்று ஒரு குடும்பப் பெயர்: கபேசா டி வாக்கா வந்த வழி

கேட்ட கேள்வி இது: அமெரிக்கக் கண்டத்துக்குப் போன ஆரம்பகால ஸ்பானியர்களைப் பற்றிப் படிக்கும்போது ‘கபேசா டி வாக்கா’ என்று ஒரு பெயர் வருகிறதே, அது நிஜமான குடும்பப் பெயரா, இல்லை அந்த ஆளுக்கு யாராவது வைத்த பட்டப்பெயரா? அதற்குப் பசுவின் தலை என்றுதான் அர்த்தமா? இன்றைக்கும் அந்தப் பெயரில் ஆட்கள் இருக்கிறார்களா?

குடும்பப் பெயர்தான். அர்த்தமும் அதேதான்: கபேசா என்றால் தலை, வாக்கா என்றால் பசு. ஆட்களும் இருக்கிறார்கள், ஸ்பெயினில், மெக்சிகோவில், அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில். ஆனால் இந்தப் பெயர் எப்படி வந்தது என்று எல்லாப் புத்தகமும் சொல்லும் கதையை நான் நம்பவில்லை. அது எப்படி அழியாமல் இத்தனை நூற்றாண்டு தாண்டி வந்தது என்பதுதான் எனக்கு மூலக் கதையைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. இரண்டையும் சொல்கிறேன்.

முதலில் உச்சரிப்பு, ஏனென்றால் பின்னால் இது தேவைப்படும். ஸ்பானிஷில் ‘வ’ எழுத்துக்கும் ‘ப’ எழுத்துக்கும் ஒரே ஒலிதான். எழுதும்போது வாக்கா, வாயில் வரும்போது கிட்டத்தட்ட பாக்கா. எழுத்துக்கூட்டல் விதிகள் இறுகாத காலத்தில் எழுதியவர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள், அதனால் ஒரே குடும்பம் ஒரு பத்திரத்தில் வாக்கா என்றும் இன்னொன்றில் பாக்கா என்றும் வரும். பெயரைத் தேடுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இது.

இனி அந்தப் பிரபலமான கதை. 1212ஆம் ஆண்டு ஜூலை மாதம். காஸ்தில் அரசன் எட்டாம் அல்போன்சோ, அரகோன் அரசன் இரண்டாம் பேத்ரோ, நவார்ரா அரசன் ஏழாம் சாஞ்சோ மூவரும் சேர்ந்து, வட ஆப்பிரிக்காவையும் தெற்கு ஸ்பெயினையும் ஆண்ட முஸ்லிம் பேரரசான அல்மொஹத்தின் கலீபா முகமது அல் நாசிரை எதிர்த்துத் தெற்கே வருகிறார்கள். சியர்ரா மொரேனா மலையைக் கடந்தால்தான் அந்தலூசியா. கடக்க வேண்டிய லோசா கணவாயோ மிகக் குறுகல், அதை எதிரிப் படை முன்கூட்டியே பிடித்து வைத்திருக்கிறது. திரும்பிப் போய் வேறு வழி பார்க்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள். திரும்பினால் படை கலைந்துவிடும் என்று அரசனுக்குப் பயம். அப்போது ஒரு மேய்ப்பன் வந்து, எனக்கு ஒரு வழி தெரியும், எதிரி கண்ணில் படாமல் ஏறிவிடலாம் என்கிறான். வழி பிரியும் இடத்தில் அடையாளமாக ஒரு பசுவின் மண்டையோட்டை வைத்திருந்தான், அதைப் பார்த்துப் படை ஏறியது, ஜூலை 16 அன்று லாஸ் நாவாஸ் டி தொலோசாவில் கிறிஸ்தவப் படை ஜெயித்தது, மனம் குளிர்ந்த அரசன் மேய்ப்பனைப் பிரபுவாக்கி ‘கபேசா டி வாக்கா’ என்ற பெயரைக் கொடுத்தான் என்று கதை முடிகிறது. மேய்ப்பனின் பெயர் மார்த்தின் அல்ஹாஹா.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. போர் நிஜம், கணவாய் அடைபட்டது நிஜம், உள்ளூர்க்காரன் ஒருவன் வழி காட்டியதும் நிஜம். போரில் கூடவே இருந்த தொலேதோ பேராயர் ரோத்ரிகோ ஹிமேனெஸ் டி ராதா தன் வரலாற்றில் அவனைப் பற்றி எழுதியிருக்கிறார்: உடையிலும் தோற்றத்திலும் எளியவன், முன்பு அந்த மலையில் மாடு மேய்த்தவன், முயல் பிடித்துத் திரிந்தவன் என்று. அவன் சொன்ன வழி சரிதானா என்று பார்த்துவர தியெகோ லோபெஸ் டி ஆரோ என்ற பெரிய பிரபுவை முன்னால் அனுப்பினார்கள் என்றும் எழுதுகிறார். போருக்குப் பிறகு போப் மூன்றாம் இன்னொசென்ட்டுக்கு அல்போன்சோ எழுதிய கடிதத்திலும் கடவுள் அனுப்பிய ஒரு நாட்டுப்புறத்தான் வருகிறான்.

இந்த இரண்டிலும் அந்த ஆளுக்குப் பெயர் இல்லை. மண்டையோடும் இல்லை. பிரபுப் பட்டமும் இல்லை. முயல் பிடித்ததுவரை எழுதி வைத்த பேராயர், மண்டையோடு இருந்திருந்தால் அதை மட்டும் விட்டிருப்பாரா? இதெல்லாம் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை. அதே வழிகாட்டியை வேறொரு மரபு வேறு விதமாக எடுத்துக்கொண்டது: அவன் மேய்ப்பனே இல்லை, மத்ரீத் நகரின் காவல் புனிதர் இசித்ரோதான் உழவன் வடிவில் வந்தார், பின்னால் அவரது அழியாத உடலைப் பார்த்த அரசன் ‘இவர்தான்’ என்று அடையாளம் கண்டுகொண்டான் என்பது அந்தக் கதை. தொலேதோ பேராலயத்தின் முதன்மைப் பீடத்தருகே தூணில் ஒரு மேய்ப்பனின் சிலை இன்றும் நிற்கிறது. அவன் முகத்தை நேரில் பார்த்தவன் அரசன் மட்டுமே என்பதால் அதை வரைந்து கொடுத்ததும் அரசன்தான் என்று அங்கே ஒரு வழக்கு உண்டு. பெயர் தெரியாத ஒரு மனிதனை ஒரு பக்கம் புனிதராக்கினார்கள், இன்னொரு பக்கம் ஒரு வம்சத்தின் மூதாதை ஆக்கினார்கள்.

வம்சத்துக்கு ஏன் அவன் தேவைப்பட்டான் என்பது புரிந்துகொள்ளக் கூடியதே. 15, 16ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் பிரபு வம்சம் என்று நிரூபித்தால் வரிவிலக்கு, பதவி, ராணுவ சபைகளில் (துறவிகளைப்போல் சபையாகத் திரண்ட பிரபு வீரர்களின் அமைப்புகள்) இடம் எல்லாம் கிடைக்கும். அதற்கு மேல், ‘பழைய கிறிஸ்தவ’ ரத்தம், அதாவது யூத, முஸ்லிம் முன்னோர் இல்லாத வம்சம், என்று காட்டியே ஆக வேண்டிய காலம் அது. நாவாஸ் போரில் அரசனுக்கே வழிகாட்டிய முன்னோர் என்றால் அதைவிடச் சிறந்த சான்றிதழ் எங்கே கிடைக்கும்? குடும்பத்தின் கேடயச் சின்னத்தில் பொன்னும் சிவப்புமாகக் கட்டங்கள், சுற்றிலும் நீல விளிம்பில் பசுத் தலைகள். அந்தப் பசுத் தலைகளுக்கு யாராவது விளக்கம் கேட்டால் சொல்ல ஒரு கதை வேண்டும். பெயர்தான் முன்னால் இருந்தது, கதை அதைத் தேடி வந்தது என்பது என் முடிவு.

அப்படியானால் பெயர் எங்கிருந்து வந்தது? ஸ்பானிஷ் ஊர்ப்பெயர்களைக் கொஞ்சம் புரட்டினாலே ஒரு விஷயம் தெரியும்: ‘கபேசா’ என்பது தலை மட்டும் இல்லை, தனித்து நிற்கும் குன்றுக்கும் மேட்டுக்கும் அந்தச் சொல்தான். பாதாஹோஸ் மாகாணத்தின் தெற்கு மலைப்பகுதியில் ‘கபேசா லா வாக்கா’ என்றே ஓர் ஊர் இருக்கிறது. அதே மாகாணத்தில் ‘கபேசா டெல் புவே’, அதாவது எருதுத் தலை. செவில் மாகாணத்தில் ‘லாஸ் கபேசாஸ் டி சான் ஹுவான்’. 1820இல் ரியெகோ என்ற ராணுவ அதிகாரி அரசனுக்கு எதிராகக் கிளர்ச்சிக் கொடி தூக்கிய ஊர் அது, அங்கே யாருடைய தலையும் இல்லை, மேடுதான். ஸ்பானிஷ் குடும்பப் பெயர்களில் பெரும் பகுதி இப்படி ஊர், மலை, ஆறு, பாலம் ஆகியவற்றிலிருந்து வந்தவை, நடுவில் நிற்கும் ‘டி’ என்பதற்கும் பெரும்பாலும் ‘அந்த ஊர்க்காரர்’ என்பதே பொருள். ஆகவே பசு மேட்டுக்காரர்கள் என்று அழைக்கப்பட்ட ஒரு குடும்பம், பின்னாளில் தலை என்ற பொருளைப் பிடித்துக்கொண்டு கேடயத்தில் பசுத் தலை வரைந்துகொண்டது என்பது மண்டையோட்டுக் கதையைவிட எனக்கு ஏற்புடையதாக இருக்கிறது. எந்த மேடு என்று கைகாட்ட வேண்டிய அவசியம் இல்லை, அந்தப் பெயரில் மேடுகள் பல. 1380களில் பேத்ரோ ஃபெர்னாந்தெஸ் கபேசா டி வாக்கா என்பவர் சாந்தியாகோ ராணுவ சபையின் தலைவராகவே இருந்திருக்கிறார், ஆக அந்தக் காலத்துக்குள் இது உச்சியில் இருந்த பிரபுக்களின் பெயராகிவிட்டது.

சரி, இப்போது உலகத்துக்கு இந்தப் பெயரைத் தெரியவைத்தவரிடம் வருவோம். அல்வார் நுன்யெஸ் கபேசா டி வாக்கா. சுமார் 1490இல் ஹெரெஸ் டி லா ஃப்ரொந்தேராவில் பிறந்தவர். அமெரிக்கக் கண்டத்துக்குப் போய்க் கிட்டத்தட்ட எல்லோரும் இறந்துபோன ஒரு படையெடுப்பில் பிழைத்து வந்து, அதைப் புத்தகமாக எழுதியவர். தன் புத்தகத்தின் கடைசியில் உயிர்பிழைத்தவர்கள் யார் யார் என்று எழுதும்போது தன்னைப் பற்றியும் சொல்கிறார்: பிரான்சிஸ்கோ டி வேராவின் மகன், கனேரியாவை வென்ற பேத்ரோ டி வேராவின் பேரன், தாய் பெயர் தோன்யா தெரேசா கபேசா டி வாக்கா. இதை இரண்டு தடவை படிக்க வேண்டும். அப்பா வேரா, தாத்தா வேரா. அந்தத் தாத்தா கிரான் கனேரியா தீவைக் காஸ்திலுக்குப் பிடித்துக் கொடுத்த தளபதி, அவரைப் பற்றிய பெருமையும் அந்த வரியில் தெரிகிறது. ஆனால் மகன் வைத்துக்கொண்ட பெயர் அம்மாவுடையது.

அன்றைக்கு இதில் விசேஷம் ஒன்றும் இல்லை. குடும்பப் பெயர் அப்பாவிடமிருந்துதான் வர வேண்டும் என்று சட்டம் கிடையாது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் ஒருவர் அப்பா பெயர், ஒருவர் அம்மா பெயர், ஒருவர் பாட்டி பெயர் வைத்திருப்பார்கள். எந்தப் பெயருக்கு மதிப்பு அதிகமோ, எந்தப் பக்கத்திலிருந்து சொத்து வருமோ, அது. சில குடும்பங்களில் சொத்தை எழுதி வைக்கும்போதே, அனுபவிப்பவர் இந்தப் பெயரைத்தான் தாங்க வேண்டும் என்று நிபந்தனை போட்டுவிடுவார்கள். கபேசா டி வாக்கா உலகப் புகழ் பெற்றதே ஒரு பெண்வழி வாரிசால்தான். தெரேசாவின் மகன் தந்தைவழிப் பெயரை எடுத்திருந்தால் இன்று நாம் அல்வார் டி வேரா என்று படித்துக்கொண்டிருப்போம், இந்தக் கேள்வியே வந்திருக்காது.

அவர் செய்த பயணத்தைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1527 ஜூனில் பான்ஃபிலோ டி நார்வாயெஸ் தலைமையில் சுமார் 600 பேரோடு சான்லூகார் துறைமுகத்திலிருந்து கிளம்பினார், பொருளாளர் பதவியில். 1528 ஏப்ரலில் புளோரிடாவில் இறங்கினார்கள், கப்பல்களைப் பிரிந்தார்கள், அதோடு கப்பல்கள் கைவிட்டுப் போயின. பசியிலும் காய்ச்சலிலும் சாகத் தொடங்கியதும் தாங்களே படகு கட்டுவது என்று முடிவு. கருவி எதுவும் இல்லை. மரத்தாலும் மான் தோலாலும் துருத்தி செய்து, குதிரை அங்கவடியையும் குதிமுள்ளையும் உருக்கி ஆணியும் கோடரியும் அடித்தார்கள். சட்டைகளைக் கிழித்துத் தைத்துப் பாய். குதிரைகளை ஒவ்வொன்றாகக் கொன்று தின்று, வாலிலும் பிடரியிலும் கயிறு திரித்து, கால் தோலை அப்படியே உரித்துப் பதப்படுத்தித் தண்ணீர்ப் பை. அந்தப் பைகள் வழியிலேயே அழுகிப்போய்க் குடிநீர் இல்லாமல் தவித்தார்கள். ஐந்து படகில் ஏறிய ஏறத்தாழ 250 பேரில், பின்னாளில் நிலத்தைக் கடந்து மெக்சிகோ போய்ச் சேர்ந்தவர்கள் நான்கே பேர்: அல்வார் நுன்யெஸ், அந்த்ரேஸ் தொராந்தெஸ், அலோன்சோ டெல் காஸ்தியோ, மொராக்கோவின் அசெம்மூரிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட எஸ்தெவானிகோ. டெக்சாஸ் கரையில் ஒதுங்கியதிலிருந்து 1536 வரை அல்வார் நுன்யெஸ் பூர்வகுடி மக்களிடையே அடிமையாக, பிறகு சிப்பியும் செம்மண்ணும் சிக்கிமுக்கிக் கல்லும் சுமந்து விற்கும் வியாபாரியாக, அப்புறம் நோய் தீர்ப்பவராக வாழ்ந்திருக்கிறார். ஒருவன் நெஞ்சில் இருந்த அம்பு முனையைக் கத்தியால் கீறி எடுத்து, எலும்பு ஊசியால் இரண்டு தையல் போட்டதை அவரே எழுதியிருக்கிறார்.

பெயரோடு சம்பந்தப்பட்ட ஒரு விஷயமும் அந்தப் புத்தகத்தில் உண்டு. 1542இல் சமோரா நகரில் அச்சான அந்த ‘ரெலாசியோன்’ நூலில்தான் அமெரிக்கக் காட்டெருமையை நேரில் பார்த்த ஐரோப்பியர் ஒருவரின் முதல் வர்ணனை அச்சில் வருகிறது. அவற்றை அவர் ‘வாக்கா’ என்றே எழுதுகிறார். மூன்று தடவை பார்த்தேன், இறைச்சியும் தின்றேன், கொம்பு சிறியது, மயிர் நீளம் என்று. வேறு சொல் அவர் மொழியில் அப்போது இல்லை.

பிறகு தென் அமெரிக்காவின் ரியோ டி லா பிளாத்தா பகுதிக்கு ஆளுநராக அனுப்பப்பட்டு, பிரேசில் கரையிலிருந்து நடந்தே அசுன்சியோன் போனார். வழியில், 1542 தொடக்கத்தில், இகுவாசு அருவியைப் பார்த்தார். பூர்வகுடிகளைக் கொள்ளையடிக்கக் கூடாது என்று கட்டளை போட்டவர்மேல் அங்கிருந்த குடியேறிகளுக்கு வெறுப்பு. 1544இல் அவர்களே அவரைப் பிடித்து அடைத்தார்கள், மறு ஆண்டு விலங்கு மாட்டி ஸ்பெயினுக்கு ஏற்றினார்கள். வழக்கிலேயே காசும் காலமும் போயிற்று. அவருக்குப் பிள்ளைகள் இருந்ததாகத் தெரியவில்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அமெரிக்காவில் நிறைய குடும்பங்கள் தாங்கள் அந்தப் பயணியின் நேர் வாரிசு என்று சொல்லிக்கொள்வதுண்டு. நியூ மெக்சிகோவின் பாக்கா குடும்பங்கள் கிட்டத்தட்ட எல்லாம் கிறிஸ்தோபல் பாக்கா என்பவரிலிருந்து வருகின்றன. அவர் 1600இல், ஹுவான் டி ஓன்யாத்தே நியூ மெக்சிகோவில் தொடங்கிய ஸ்பானியக் குடியேற்றத்துக்குத் துணைக்கு வந்த கூட்டத்தில், மனைவி மக்களோடு மெக்சிகோ நகரத்திலிருந்து வந்தவர். கையெழுத்து வெறும் பாக்கா. தலை என்ற பகுதியே இல்லை. இரு நூறு ஆண்டு அப்படியேதான் போகிறது.

1800ஐ ஒட்டி லூயிஸ் மரியா பாக்கா என்ற பெரிய நிலக்காரர் தன் பெயருக்கு முன்னால் ‘கபேசா டி’ சேர்த்துக்கொள்கிறார். லூயிஸ் மரியா கபேசா டி பாக்கா. மூன்று திருமணம், ஏராளமான பிள்ளைகள், இன்றைய லாஸ் வேகாஸ் ஊரைச் சுற்றி (சூதாட்ட நகரம் இல்லை, நியூ மெக்சிகோவில் இருப்பது) ஏறக்குறைய 5 லட்சம் ஏக்கர் மானிய நிலம். 1827இல், யூயிங் யங் என்ற அமெரிக்க வேட்டைக்காரர் அவர் வீட்டில் பதுக்கி வைத்திருந்த தோல்களைப் பறிமுதல் செய்ய வந்த சிப்பாய்களை மறித்து நின்றபோது லூயிஸ் மரியா சுடப்பட்டு இறந்தார். நிலம் மட்டும் சண்டையில் சிக்கிக்கொண்டது: அதே இடத்தை 1835இல் மெக்சிகோ அரசு வேறு குடியேறிகளுக்கும் கொடுத்துவிட்டது. பிறகு அமெரிக்கா அந்தப் பகுதியைப் பிடித்தது. 1860இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு வழி கண்டுபிடித்தது: இந்த நிலத்தை விட்டுக்கொடுங்கள், பதிலுக்கு அதே அளவு அரசு நிலத்தை ஐந்து துண்டுகளாக வேறு எங்கே வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று. ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் ஏக்கர். நியூ மெக்சிகோவில் இரண்டு, அரிசோனாவில் இரண்டு, கொலராடோவில் ஒன்று. ‘பாக்கா லொகேஷன் 1’ என்று நில ஆவணங்களில் வரும் முதல் துண்டுதான் இன்று வாயெஸ் கல்தேரா என்ற அழகான எரிமலைப் பள்ளத்தாக்கு. 2000இல் மத்திய அரசு அதை விலைக்கு வாங்கியது.

லூயிஸ் மரியா ஏன் அந்த முன்னொட்டைச் சேர்த்தார்? அந்த நேரத்தில் நியூ மெக்சிகோவில் பாக்காக்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். தன் கிளையைத் தனியாகக் காட்ட வேண்டும், அதுவும் உயர்வாகக் காட்ட வேண்டும் என்றால் பழைய வம்சப் பெயரை மீண்டும் எடுப்பதுதான் வழி. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. பெயர் என்பது அப்படித்தான் பிழைக்கிறது. அவர் பிள்ளைகள் வழியாக அது பெருகியது. அந்த வழியில் வந்த எசெகியேல் கபேசா டி பாக்கா நியூ மெக்சிகோ மாநிலத்தின் இரண்டாவது ஆளுநர். 1917 ஜனவரி 1 அன்று பதவியேற்று, பிப்ரவரி 18 அன்று நோயால் இறந்துபோனார். 1894இல் பிறந்த ஃபபியோலா கபேசா டி பாக்கா, கிராமம் கிராமமாகப் போய்ப் பெண்களுக்கு உணவு பதப்படுத்தும் முறைகளைச் சொல்லிக்கொடுத்த அரசு விரிவாக்கப் பணியாளர், அந்த மண்ணின் சமையலையும் பண்ணை வாழ்க்கையையும் பதிவு செய்த எழுத்தாளர்.

அப்புறம் அங்கே இன்னொன்று நடந்தது. ‘கபேசா டி பாக்கா’ நீளம் என்று ‘கபேசா’வை ஒற்றை எழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். நம் இனிஷியல் மாதிரியே இருக்கும், ஆனால் இது இனிஷியல் இல்லை, குடும்பப் பெயரின் ஒரு பாதி. ‘சி டி பாக்கா’. அதையே இடைவெளி விட்டும், நடுவில் ஒற்றை மேற்குறி (’) போட்டும், மொத்தமாக ஒட்டியும் எழுதுகிறார்கள். அண்ணன் தம்பி வீடுகளிலேயே எழுத்துக்கூட்டல் மாறும். ஒபாமா காலத்தில் ஆள்கடத்தல் ஒழிப்புக்கான சிறப்புத் தூதராக இருந்த லூயிஸ் சிடிபாக்கா ஒட்டி எழுதும் வகை. உலகத்தில் நியூ மெக்சிகோ வேருள்ளவர்களைத் தவிர வேறு யாரிடமும் இந்தச் சுருக்க வடிவத்தை நான் பார்த்ததில்லை, அந்த அளவுக்கு இது ஒரே மண்ணுக்குச் சொந்தம்.

வெறும் பாக்காக்களும் சாதாரணமானவர்கள் இல்லை. 1884இல் ஃபிரிஸ்கோ என்ற சிற்றூரில் ஒரு மண் குடிசைக்குள் இருந்துகொண்டு 33 மணி நேரம் கௌபாய் கூட்டத்தின் துப்பாக்கிச் சூட்டைத் தாக்குப்பிடித்த எல்ஃபேகோ பாக்கா, பிறகு வழக்கறிஞரானார். லாஸ் ஏஞ்சலஸில் அரை மைலுக்கு ஓடும் சுவரோவியத்தை உருவாக்கிய ஓவியர் ஜூடித் பாக்கா. கொலராடோவில் பாக்கா கவுண்டி, பெலிப்பே பாக்கா பெயரில். கலிபோர்னியாவில் ‘வாக்காவில்’ (Vacaville) என்றொரு நகரம் இருக்கிறது; பசு ஊர் என்று நினைத்துக்கொள்கிறார்கள், ஆனால் அது நியூ மெக்சிகோவிலிருந்து போன மனுவேல் வாக்கா என்பவரின் பெயர். 1850இல் நிலத்தை விற்கும்போது, இங்கே எழும்பும் ஊருக்கு என் பெயர் வைக்க வேண்டும் என்று பத்திரத்திலேயே எழுதி வாங்கிவிட்டார்.

ஸ்பெயினிலேயே தங்கிய கிளையில் மிகவும் அறியப்பட்டவர் ஒரு கார் பந்தய வீரர். ஃபெராரி ஓட்டிய அல்போன்சோ டி போர்தாகோ என்று சொன்னால் பந்தயப் பிரியர்களுக்குத் தெரியும். போர்தாகோ என்பது பட்டம், போர்தாகோ மார்க்கி (மார்க்கி என்பது ஒரு பிரபுப் பட்டம்). குடும்பப் பெயர் கபேசா டி வாக்கா, தாய் வழியில் லெய்ட்டன். 1956 குளிர்கால ஒலிம்பிக்கில் பனிச்சறுக்கு வண்டிப் போட்டியிலும் கலந்துகொண்டவர். 1957 மே 12 அன்று இத்தாலியின் மில்லே மில்யா பந்தயத்தில், குயிதித்சோலோ அருகே டயர் வெடித்து அவரும் உடன் இருந்த எட்மண்ட் நெல்சனும் சாலையோரம் நின்ற ஒன்பது பேரும் இறந்தார்கள். அதோடு அந்தப் பந்தயமே அந்த வடிவில் நின்றுபோனது. 28 வயது. அவரைப் பற்றிப் படித்த பலருக்கு அவர் புளோரிடாப் பயணியின் பெயர்க்காரர் என்பதே தெரியாது, பட்டம் பெயரை மறைத்துவிட்டது.

மெக்சிகோவில் இதற்கு நேர்மாறு. 2016 முதல் 2022 வரை தமவுலிபாஸ் மாநில ஆளுநராக இருந்தவர் பிரான்சிஸ்கோ ஹவியெர் கார்சியா கபேசா டி வாக்கா. ஸ்பானிஷ் முறையில் முதலில் வருவது அப்பா பெயர், இரண்டாவது அம்மா பெயர். ஆக அவர் முறைப்படி கார்சியா. ஆனால் செய்தித்தாள் தலைப்பிலும் தேர்தல் சுவரொட்டியிலும் அவர் ‘கபேசா டி வாக்கா’தான். இது அவருக்கு மட்டும் நடந்தது இல்லை. முதல் பெயர் ரொம்பப் பொதுவாக இருந்தால் ஸ்பானிஷ் பேசும் உலகம் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளும். கவிஞர் கார்சியா லோர்கா வெறும் லோர்கா ஆனார். ஸ்பெயினின் முன்னாள் பிரதமர் ரோத்ரிகெஸ் சபதேரோ வெறும் சபதேரோ. ஓவியர் ரூயிஸ் பிக்காசோ அப்பா பெயரை விட்டுவிட்டு அம்மாவின் பிக்காசோவை மட்டும் கையெழுத்தாக்கிக்கொண்டார். ஸ்பெயினில் கார்சியாவை முதல் பெயராகக் கொண்டவர்கள் மட்டும் 14 லட்சத்துக்கு மேல், அந்தக் கூட்டத்தில் ஒருவரைச் சுட்டிக்காட்ட அரிய பெயர்தான் உதவும்.

இப்போது கேள்வியின் கடைசிப் பகுதி, எவ்வளவு பரவல் என்பது. முழு வடிவமான ‘கபேசா டி வாக்கா’ எந்த நாட்டிலும் அரிது. வெறும் ‘வாக்கா’ அப்படி இல்லை, எக்குவடோரிலும் கிழக்கு பொலிவியாவிலும் அது சகஜம். பொலிவியாவின் பெனி பகுதியில் ஒரு மாகாணமே அந்தோனியோ வாக்கா தியெஸ் என்ற ரப்பர் முதலாளியின் பெயரில் இருக்கிறது. ஆனால் வாக்கா என்று இருப்பவர் எல்லாம் கபேசா டி வாக்கா வம்சம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1540களில் பெருவை ஆண்ட கிறிஸ்தோபல் வாக்கா டி காஸ்த்ரோவின் பெயரில் வாக்கா இருக்கிறது, அதை மட்டும் வைத்து உறவு சொல்லிவிட முடியாது. அர்ஜென்டினாவின் எண்ணெய் வயல் ‘வாக்கா முயெர்த்தா’ இடப்பெயர், அதற்கும் எந்தக் குடும்பத்துக்கும் தொடர்பில்லை.

ஸ்பெயினில் துல்லியமாகப் பார்க்க வேண்டுமானால் அந்நாட்டுத் தேசியப் புள்ளியியல் நிறுவனம் தன் தளத்தில் பெயரைத் தட்டித் தேட விடுகிறது. முதல் பெயராக எத்தனை பேர், இரண்டாவதாக எத்தனை பேர், எந்த மாகாணத்தில் அடர்த்தி என்று பிரித்துக் காட்டும். 20 பேருக்கும் குறைவாக இருந்தால் அந்தரங்கம் கருதி எண்ணிக்கையைக் காட்டாது. இந்த மாதிரிப் பெயருக்கு ‘இரண்டாவதாக எத்தனை பேர்’ என்ற எண்ணிக்கையைக் கண்டிப்பாகப் பாருங்கள். 1870ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் அப்பா பெயர், அம்மா பெயர் என்ற இரட்டை முறையைக் கட்டாயமாக்கிய பிறகு, ஒரு பெண்ணிடமிருந்து வரும் பெயர் பிள்ளைக்கு இரண்டாவதாக நிற்கும், பேரனுக்கு ஆவணத்திலிருந்தே காணாமல் போய்விடும். தெரேசாவின் மகனுக்கு இருந்த சுதந்திரம் அதோடு போயிற்று. அரிய பெயர்கள் ஸ்பெயினில் அழிந்ததற்கு இது பெரிய காரணம் என்பது என் எண்ணம்: மகன் இல்லாத ஒரு தலைமுறை வந்தால் போதும். 1999இல் அப்பா அம்மா இருவரும் ஒப்புக்கொண்டால் அம்மா பெயரை முதலில் வைக்கலாம் என்று மாற்றினார்கள். 2017 ஜூன் 30 முதல், அப்பா பெயர்தான் முதலில் என்ற முன்னுரிமையே இல்லை. வரிசையைப் பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். இது நல்ல மாற்றம். கபேசா டி வாக்கா போன்ற ஒரு பெயர் தாய் வழியில் மறுபடி முன்னால் வர இப்போது வழி இருக்கிறது.

மேலே தேடப் போகிறவர்களுக்கு ஒன்று. ஸ்பானிஷ் நூலகப் பட்டியலில் அந்தப் பயணி ‘நுன்யெஸ் கபேசா டி வாக்கா’ என்று ‘ந’ வரிசையில் இருப்பார், ஆங்கிலப் புத்தகங்களின் பெயரடைவில் பெரும்பாலும் ‘கபேசா’ என்ற இடத்தில். பழைய அமெரிக்கப் புத்தகங்கள் சில ‘டி வாக்கா’ என்று பாதியிலிருந்து ஆரம்பிக்கும், அது தவறு, ஏனென்றால் பெயரை அந்த இடத்தில் வெட்ட முடியாது. நியூ மெக்சிகோ ஞானஸ்நானப் பதிவேடுகளில் தேடினால் பாக்கா, வாக்கா, கபேசா டி பாக்கா, சி டி பாக்கா நான்கையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். அதே ஆள் திருமணப் பதிவில் ஒரு வடிவத்திலும் மகனின் ஞானஸ்நானப் பதிவில் வேறு வடிவத்திலும் இருப்பது அங்கே சாதாரணம்.